சீனி வருத்தம்: பரம்பரையா, பழக்கமா?

“வாப்பாவுக்கும் சீனி, உம்மாவுக்கும் சீனி. எனக்கும் வரத்தானே செய்யும்” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பவர்கள் நம்மிடையே அதிகம். பரம்பரை பொய்யல்ல. ஆனால் ஒரு குடும்பம் ஜீன் எனப்படும் பரம்பரையலகுகளை மட்டுமல்ல, ஒரே பானைச் சோற்றையும் பகிர்ந்துகொள்கிறது. இரண்டின் பங்கையும் பிரித்தறிவது நோய்ப்பரம்பலியல் ஆய்வாளரின் வேலை. அதற்கான இரண்டு வழிகளை நான் மாணவர்களுக்கு விளக்குவதுண்டு.

முதலாவது, இரட்டையர் ஆய்வு. ஒரே கருவிலிருந்து பிரிந்த ஒத்த இரட்டையரின் பரம்பரையலகுகள் ஏறத்தாழ முழுமையாக ஒன்றே. ஏனைய இரட்டையரிடம் சராசரியாகப் பாதிதான் பொது. இரு சாராரும் பொதுவாக ஒரே வீட்டில்தான் வளர்கின்றனர். எனவே ஒத்த இரட்டையர் இருவருக்குமே நோய் வருவது கூடுதலாக இருந்தால், அது பரம்பரையின் பங்கைக் காட்டும்.

இரண்டாவது, ஒரே வம்சத்தாரை வெவ்வேறு சூழலில் ஒப்பிடுவது. பீமா பழங்குடியினர் அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிகோ மலைப்பகுதியிலும் வாழ்கின்றனர். 2006இல் வெளியான ஆய்வின்படி, அமெரிக்கப் பீமாக்களில் நூற்றுக்கு 38 பேருக்கு நீரிழிவு. மெக்சிகோவில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேருக்கே. மெக்சிகோ பீமாக்கள் கூடுதலாக உடலுழைப்புச் செய்பவர்கள். அவர்களிடம் உடற்பருமனும் குறைவு. உணவின் பங்கு எவ்வளவு, உழைப்பின் பங்கு எவ்வளவு என்று இந்த ஒப்பீடு தனித்தனியே சொல்லாது. ஆனால் பரம்பரை மட்டுமே நோயைத் தீர்மானிப்பதில்லை என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

ஆகவே, பெற்றோருக்குச் சீனி இருப்பது கைகட்டி இருப்பதற்கான காரணமல்ல. நேரத்தோடு இரத்தத்தைப் பரிசோதிப்பதற்கான காரணம். பிள்ளைகளின் தட்டில் சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டுங்கள். இனிப்புப் பானங்களை வீட்டுக்கு வாங்காதீர்கள். பின்னேரத்தில் டியூஷனுக்கு மட்டும் அனுப்பாமல், ஓடி விளையாடவும் விடுங்கள்.