கிண்ணம் குடைய வளைய உளி

கடைச்சல் தொழிலில் உப்புக் கிண்ணம், சிறு உரல் முதலியவற்றை மரத்தின் வெட்டுமுகத்திலிருந்து குடைவதே கடினமான வேலை. இங்கே நார்கள் உளிக்கு நேரெதிராக நிற்கின்றன. சுரண்டி எடுத்தால் அவை பிய்ந்து, அடிப்பாகம் சொரசொரப்பாகிவிடும்.

இதற்கு ஏற்றதென நாம் எடுத்துரைக்க விரும்புவது வளைய உளி. இதன் நுனியிலுள்ள சிறு உருக்கு வளையத்தின் ஓரமே வெட்டுகிறது. சீவல் வளையத்தினூடாக வெளியேறும். முதலில் அடித்தடிப்பை விட்டு நடுவில் துளையிட வேண்டும். பின்னர் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி உளியை இழுத்து வர வேண்டும். அப்போது நார்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால் வெட்டு வழுவழுப்பாக அமையும்.

ஆயினும் எச்சரிக்கை தேவை. வளையத்தை முழுமுகமாகக் கொடுத்தால் மரம் உளியைக் கவ்வி இழுக்கும். கிண்ணம் சிதறும், கையும் முறியலாம். வளையத்தை இடப்புறம் சரித்து, ஓர் ஓரத்தால் மட்டும் மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். சீவல் அடைத்தால் இயந்திரத்தை நிறுத்திய பின்பே அகற்ற வேண்டும். முகக்கவசம் அவசியம்.

நாட்கூலிக்கு உழைக்கும் இளைஞனுக்குக் கையே முதல். ஆதலால் பயிற்சிப் பட்டறைகள் இவ்வுளியை முதலில் கழிவு மரத்துண்டுகளில் பழக்குமாறு வேண்டுகிறோம்.