நேரமும் ஆழ்ந்த உழைப்பும்: 'மூலதனம்' உருவான சூழல் பற்றிய ஒரு நோக்கு

'நேரமில்லை' என்பது இன்று ஆய்வுலகிற் பொதுவாகக் கேட்கப்படும் முறைப்பாடாகும். கூட்டங்களும் அறிக்கைகளும் படிவங்களும் நாட்களை நிரப்ப, ஆண்டுக்கணக்கிற் சிந்தித்து எழுதவேண்டிய நூல்கள் பிற்போடப்படுகின்றன. இதனைத் தனிமனித ஒழுங்கீனமாகக் கொண்டு, அதிகாலையில் எழுதல், மனத்தை ஒருமுகப்படுத்தல் முதலாய வழிகளைக் கூறுவோர் பலர். அவ்வழிகள் ஓரளவு பயன்தருவனவே. எனினும், ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் பிறர் உழைப்போடு பிணைந்தது என்னும் உண்மையை அவை மறைத்துவிடுகின்றன. 'மூலதனம்' எழுதப்பட்ட வரலாற்றைக் கொண்டு இதனை விளக்கலாம்.

1849இல் லண்டனை அடைந்த மார்க்ஸ், மறுவருடம் பிரித்தானிய நூதனசாலையின் வாசகர் மண்டபத்திற் பொருளியல் ஆய்வைத் தொடங்கினார். நூலின் முதலாம் பாகம் 1867இலேயே வெளிவந்தது. இடைக்காலத்தில் வறுமையும் நோயும் அவரை வருத்தின. 1862 வரை சுமார் பத்தாண்டுகள் 'நியூயோர்க் டெயிலி டிரிபியூன்' பத்திரிகைக்கு எழுதி ஊதியம் தேட நேர்ந்தது. அவ்வேலை தமது ஆய்வைத் துண்டுதுண்டாக்கியதென 1859இல் வெளியிட்ட பொருளியல் நூலின் முன்னுரையில் அவரே குறிப்பிட்டார்.

இந்நிலையில் அவருக்கு நேரத்தை ஈட்டிக்கொடுத்தவர் எங்கெல்ஸ். 1850 இறுதி தொடக்கம் 1869 வரை, மஞ்செஸ்டரில் தம் குடும்பத்துக்குப் பங்கிருந்த பருத்தி நிறுவனத்தில், தாம் வெறுத்த வணிகத் தொழிலைச் செய்து அவர் பணம் அனுப்பினார். டிரிபியூனுக்கான கட்டுரைகள் சிலவற்றையும் எழுதிக்கொடுத்தார். 1867 ஓகஸ்ட் 16 அதிகாலை, இறுதி அச்சுப்படியைத் திருத்தி முடித்ததும் மார்க்ஸ் முதலில் நன்றி கூறி எழுதியது அவருக்கே. 1883இல் மார்க்ஸ் மறைந்தபின், எங்கெல்ஸ் தமது 'இயற்கையின் இயக்கவியல்' நூலை ஒதுக்கிவைத்து, இரண்டாம் பாகத்தை 1885இலும் மூன்றாம் பாகத்தை 1894இலும் பதிப்பித்தார். அந்நூலை முடிக்க அவருக்கு நேரம் கிட்டவேயில்லை.

வாசிப்பதற்கரிய மார்க்சின் கையெழுத்தைப் படியெடுத்தவர் மனைவி ஜெனி. வீட்டுவேலைகளைச் சுமந்தவர் ஹெலன் டெமுத். எங்கெல்ஸ் அனுப்பிய பணமும் பருத்தி ஆலைத் தொழிலாளரின் உபரி உழைப்பிலிருந்து வந்ததே. இம்முரண்பாட்டை நாம் மூடிமறைத்தலாகாது.

மார்க்ஸ் இதற்குக் கண்ட தீர்வு தனிமனித நிலையில் நிற்பதன்று. வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், 1847ஆம் ஆண்டின் பத்துமணிநேரச் சட்டம் நீண்டகாலப் போராட்டத்தின் பேறு என்பதை அவர் விரிவாக நிறுவினார். 1866இல் ஜெனீவாவிற் கூடிய அகிலத்தின் மாநாடு, வேலைநாளின் சட்ட எல்லையாக எட்டு மணிநேரத்தைக் கோரியது. சிந்திப்பதற்கான நேரம் ஒரு சிலரின் சலுகையாயிராது அனைவர்க்கும் உரியதாதல் வேண்டும் என்பதே அக்கோரிக்கையின் உட்கிடை.

எனவே, பயனற்ற அலுவல்களைக் குறைக்குமாறு ஆய்வாளர் பல்கலைக்கழகத்தைக் கோருவது நியாயமே. அதே வேளை, தமது அமைதியான எழுத்துமேசைக்காகச் சமையலறையிலும் அலுவலகத்திலும் எவருடைய நேரம் செலவாகின்றது என்பதையும் அவர்கள் வினவுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பாதவரை, நேரம் பற்றிய நமது முறைப்பாடு பாதி உண்மையாகவே இருக்கும்.