பரணில் கிடக்கும் கேஸ் விளக்கு



மின்சாரம் வராத காலத்தில், தோட்டத்தில் திருவிழாவோ கல்யாணமோ துக்க வீடோ, நடுவில் ஒரு கேஸ் விளக்கு தொங்கினால்தான் நமக்கு இருட்டு விலகும். இன்று அவ்விளக்கு சிலர் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கிறது. "பம்ப் அடித்தால் காற்று ஏறவில்லை, பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். பல நேரங்களில் பழுது ஒரு சின்னத் தோல் வாஷரில்தான் இருக்கும்.

முதலில் காற்றுத் திருகைத் திறந்துவிட்டு, பம்ப் தண்டைக் கழற்றுவோம். நுனியில் கிண்ணம்போல் ஒரு தோல் தெரியும். அது காய்ந்து சுருங்கினால் குழாய்ச் சுவரைத் தொடாது. காற்று பக்கவாட்டில் நழுவிவிடும். தையல் இயந்திர எண்ணெயில் ஓரிரவு ஊறவைத்து, விளிம்பை விரலால் மெல்ல விரித்து மாட்டினால் போதும். புதுப் பம்ப் வாங்கக் காசு கொடுத்த பிறகுதான் நாம் இதைக் கற்றுக்கொண்டோம்!

அடுத்து நிப்பிள். சூடான குழாயில் ஆவியாகும் மண்ணெண்ணெய் அதன் மயிரிழைத் துளை வழியே பீறிட்டு, காற்றோடு கலந்து எரிகிறது. குழாயில் கரி படியப் படிய வெளிச்சம் மங்கும். துளையைக் குத்துவதற்கென்றே உள்ள மெல்லிய பின்னால்தான் குத்த வேண்டும். தையல் ஊசியால் குத்தினால் துளை பெரிதாகும். பிறகு புகையும் கரியும்தான் மிச்சம்.

தொட்டியைத் துலக்க அம்மாமார் புளியும் சாம்பலும் எடுப்பார்கள். வெறும் பித்தளைக்குப் புளி சரி, உடனே கழுவிவிட வேண்டும். வெள்ளையாய் மின்னும் நிக்கல் பூச்சுக்குச் சவர்க்கார நீர் மட்டும் போதும். சாம்பல் பூச்சைத் தேய்த்து, அடியிலுள்ள மஞ்சளைக் காட்டிவிடும்.

விளக்கில் ஒளி தருவது மேண்டில். அதை ஆவ்ர் வான் வெல்ஸ்பாக் தோரியத்தால் செய்து 1891இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். தோரியம் லேசான கதிரியக்கம் உள்ளது. ஆகவே பழைய மேண்டிலின் பொடியை ஊதாமல், ஈரத்துணியால் ஒற்றி எடுப்போம். சூடுபடும் இடத்திலுள்ள பழைய நார் வளையங்களில் கல்நார் இருக்கக்கூடும். அவற்றைச் சுரண்ட வேண்டாம்.

பற்றவைக்கும் முன் காலித் தொட்டியில் கொஞ்சம் காற்றடித்து, இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். திருகில் குமிழி வந்தால் வாஷரை மாற்றலாம். தொட்டியின் உடம்பிலேயே வந்தால், தாத்தாவின் விளக்கானாலும் அது அலமாரிக்குத்தான். அடுப்படிக்கு வரக் கூடாது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லையென்று ஒரு துளி பெட்ரோல்கூட ஊற்றாதீர்கள், வெடித்துவிடும். முதல் முறை வாசலில், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, ஸ்பிரிட்டால் குழாயை நன்றாகச் சூடாக்கிய பிறகே எண்ணெயைத் திறந்துவிடுங்கள்.