சைபீரியக் குளிர் பாடாங் செராய் வருமா?

ஜனவரி விடியலில் பால்மரம் சீவப் போகிறவர்களுக்குத் தடித்த சட்டை தேவைப்படுகிறது. பாடாங் செராயில் இந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது, மாணவர்களே?

வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சைபீரியாவின் உறைந்த நிலத்தின்மேல் கனமான குளிர்காற்று குவிகிறது. அழுத்தம் மிகும்போது அது சீனாவின் வழியே தெற்கே பாய்கிறது. வட சீனாவில் ஏரிகளே உறைந்துவிடும். ஆனால் வழியிலுள்ள தென்சீனக் கடல் வெதுவெதுப்பானது. காற்றைச் சூடாக்கி, நீராவியையும் ஏற்றிவிடுகிறது. அதனால் நமக்கு உறைபனி இல்லை. கேமரன் மலையிலேகூட, வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ்தான் (1978 பிப்ரவரி 1).

சுமந்துவந்த நீரைக் காற்று கிளந்தானிலும் திரங்கானுவிலும் கொட்டிவிடுகிறது. 2014 டிசம்பர் வெள்ளத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டி நம் பக்கம் வருவது பெரும்பாலும் வறண்ட காற்று. மேகம் இரவில் போர்வை மாதிரி; அது இல்லாவிட்டால் தரையின் வெப்பம் வானுக்குத் தப்பிவிடும். விடியல் சில்லென்று இருப்பதற்கு இதுவும் முக்கியக் காரணம். குளிர்காற்று வலுத்தால், 2018 ஜனவரியில் போல, பகலிலும் குளிரும்.

வறட்சி நீண்டால் பால்மரங்கள் இலையை உதிர்க்கும். புதுத் துளிர்களுக்கு மரம் தன் சத்தைச் செலவிடுவதால் கோப்பையில் பால் குறையும். பால் எடைக்குக் கூலி வாங்கும் குடும்பங்களுக்கு அது கையிறுக்கமான காலம். செம்பழுப்பாகத் துளிர்க்கும் இலைகள் பச்சையாகி முற்றிய பிறகே கோப்பை மீண்டும் நிறையும்.