தடுக்கத்தக்க சாவு: கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் வன்னிப் பெண்களும்

புற்றுநோய் வகைகள் பலவற்றுள் காரணம் தெளிவாக அறியப்பட்டதும், வருமுன் காத்தற்கு வழியுடையதும், தொடக்கத்திலே கண்டால் முற்றாக நீக்கத்தக்கதுமான ஒன்றுண்டு. அதுவே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். ஆயினும் 2022ஆம் ஆண்டிலே உலகெங்கும் ஏறத்தாழ 660,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 350,000 பேர் இறந்தனர். இறந்தோருட் பெரும்பாலோர் வறிய நாடுகளையும் நடுத்தர வருவாய் நாடுகளையும் சேர்ந்தோர். தடுக்கும் வழி தெரிந்திருந்தும் சாவு நிகழ்வது ஏன் என்பதனையும், வன்னிப் பெருநிலத்திலே அதனைக் குறைத்தற்கு நாம் செய்யத்தக்கது யாது என்பதனையும் ஈண்டு ஆராய்வாம்.

கருப்பையின் ஒடுங்கிய கீழ்ப்பாகமே கருப்பைக் கழுத்தெனப்படும். மனிதப் பப்பிலோமா வைரசு என்னும் கிருமி உடலுறவின் வாயிலாக இப்பகுதியை அடைகின்றது. பெரும்பாலாரிடத்து அஃது ஓரிரண்டு ஆண்டுகளில் தானே நீங்கிவிடும். சிலரிடத்து மட்டும் நிலைத்து நின்று கலங்களின் இயல்பை மெல்ல மெல்லத் திரிக்கும். இவ்வைரசின் 16ஆம், 18ஆம் வகைகளுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1983, 1984ஆம் ஆண்டுகளில் வெளிப்படுத்திய ஜேர்மனிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். கலங்கள் திரிந்து புற்றாக முதிர்வதற்குப் பொதுவாக 10 முதல் 20 ஆண்டுகள் வரை செல்லும். இந்நீண்ட இடைவெளியே நமக்குக் கிடைத்த வாய்ப்பு. ஆனால் அக்காலத்திலே நோவும் இல்லை, குருதிப்போக்கும் இல்லை. மாதவிடாய் நின்ற பின் குருதி காணுதல், உடலுறவின் பின் குருதி காணுதல், துர்நாற்றத்துடன் வெள்ளைபடுதல் முதலிய குறிகள் தோன்றும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆகவே, வருத்தம் வந்தபின் வைத்தியரை நாடுதல் என்னும் நம் வழக்கம் இந்நோய்க்குப் பொருந்தாது.

கழுத்துப் பகுதியின் கலங்களை மெல்லச் சுரண்டியெடுத்து நுணுக்குக்காட்டியால் நோக்கும் முறையை வகுத்தவர் கிரேக்க நாட்டிலே பிறந்து அமெரிக்காவிலே பணிபுரிந்த ஜோர்ஜ் பப்பனிக்கொலாவு என்பார். அவர் பெயரின் சுருக்கமே ‘பாப் பரிசோதனை’ என வழங்குவது. இலங்கையிலே 1996ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகளில் இப்பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகின்றது. 35 வயதினரும் 45 வயதினரும் சிறப்பாக அழைக்கப்படுகின்றனர்.

பரிசோதனை உண்டு, அப்படியாயின் குறை யாது? பிரித்தானியாவின் அனுபவம் இதற்கு விடை தருகின்றது. அங்கே 1960களிலேயே இப்பரிசோதனை பரவலாயிற்று. ஆயினும், இருபதாண்டுகள் சென்றபின்னரும் சாவு எதிர்பார்த்த அளவிற்குக் குறையவில்லை. தாமாக வந்தோரே மீண்டும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். வராதோர் வராமலே இருந்தனர். 1988இல் பெயர்ப்பட்டியலைக் கொண்டு ஒவ்வொரு பெண்ணையும் உரிய காலத்தில் அழைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அதன் பின்னரே பரிசோதனை பெரும்பாலாரை எட்டிற்று; சாவும் விரைந்து குறைந்தது. பரிசோதனை பழையதே, புதிதாக வந்தது அழைப்பு.

இரணைமடுவில் நீர் நிறைந்திருந்தாலும், வாய்க்கால் ஓரிடத்தில் உடைந்தால் கடைசி வயல் காய்ந்தே போகும். பெயர் பதிதல், அழைத்தல், மாதிரி எடுத்தல், அதனை ஆராய்தல், முடிவை அறிவித்தல், சிகிச்சை அளித்தல் என்னும் ஆறும் ஒரே வாய்க்காலின் பகுதிகள். துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ நாட்கூலிக்குச் செல்லும் ஒருத்தி, ஒருநாட் கூலியை இழந்தே கிளினிக்குக்கு வருகின்றாள். முடிவை அறிய இன்னொரு நாள், மேற்பரிசோதனைக்கு நகர வைத்தியசாலை செல்ல மற்றொரு நாள் என்றால், அவள் இடைவழியில் நின்றுவிடுதல் வியப்பன்று. அதனை அவளது அறியாமை என்றல் நீதியுமன்று.

வன்னிக்கே உரிய வேறொரு குறையும் உண்டு. 2009இல் போர் முடியுமுன் 35 வயதை எய்தியோர் இன்று 50ஐக் கடந்தோர். ஊர்விட்டு ஊர் ஓடிய காலத்திலே அவர்களுக்கு அழைப்பு எவ்வாறு போயிருக்கும்? செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் மூடப்பட்டதே 2012 செப்டெம்பரிலன்றோ! அவருட் பலர் கணவனை இழந்து தனியே குடும்பம் தாங்குவோர். பிள்ளைப்பேற்றுக் காலம் கடந்தமையால் கிளினிக்கோடு தொடர்பற்றோர். 35, 45 என்னும் வயது விதி அவர்களை இனி அழையாது. ஒருமுறையேனும் பரிசோதிக்கப்படாத இவர்களைத் தனியே பெயர் குறித்து அழைத்தல் வேண்டும். வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடுகள் இதற்குத் துணையாகும்.

எளிய முறையும் பயன் தருமென்பதற்குத் தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டம் சான்று. அங்கே 2000ஆம் ஆண்டிலே தொடங்கிய ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற தாதியர் ஐதான அசற்றிக்கமிலத்தைத் தடவி, வெண்மையாகும் இடத்தைக் கண்ணாலேயே நோக்கிக் கண்டறிந்தனர். 30 முதல் 59 வயது வரையுள்ள 31,343 கிராமத்துப் பெண்கள் பரிசோதிக்கப்பட்டனர். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயாலான சாவு ஏனைய ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்ததென 2007இல் வெளியான முடிவு கூறுகின்றது. வைரசையே கண்டறியும் பரிசோதனையை உலக சுகாதார நிறுவனம் 2021இல் முதன்மையாகப் பரிந்துரைத்தது. அதற்கு வேண்டிய மாதிரியைப் பெண் தானே தனிமையில் எடுத்துக் கொடுக்கலாம். நாணத்தாற் பின்னிற்போருக்கு இது பெரும் நன்மையாகும்.

இனி, ஆசிரியராகிய நமது கடமை யாது? 2017 முதல் பாடசாலைகளிலே 6ஆம் வகுப்பு மாணவியருக்கு இவ்வைரசுக்கெதிரான தடுப்பூசி இடப்படுகின்றது. மகள் காக்கப்படுகின்றாள், தாயோ பரிசோதனைக்குரிய வயதை அடுத்தோ கடந்தோ இருக்கின்றாள். தடுப்பூசிக்குச் சம்மதம் கேட்டு வீட்டிற்குச் செல்லும் கடிதத்துடன், தாய்க்கும் பேர்த்தியாருக்குமான கிளினிக் அழைப்பொன்றையும் சேர்த்தனுப்பினால் என்ன? பெற்றோர் கூட்டத்திலே ஆசிரியை ஒருவர் ஐந்து நிமிடம் பேசினால் என்ன? இதற்குப் புதிய கட்டடமோ பெரும் பணமோ வேண்டியதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் பாடசாலையும் கலந்து பேசுதலே வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் கிளினிக் நாளிலே வாகன வசதி செய்து கொடுக்கலாம்.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் வகுத்தார் திருவள்ளுவர். இந்நோயைப் பொறுத்தவரை ஐந்தாவதாக ஒருவரும் வேண்டும். இன்னும் நோயாளியாகாத பெண்ணை வீடு தேடிச்சென்று அழைப்பவரே அவர். அவ்விடத்தை நிரப்புதல் கற்றோர் கடனாகும்.