தோட்டத்து வாழ்வைக் காட்டிய சிறு படங்கள்

ஒரு மக்கள் கூட்டத்தாரின் வாழ்வை அறிய வேண்டுமாயின் அவர்கள் எழுதிவைத்த நூல்களைக் காண வேண்டும் என்பர். எழுதிவைக்கும் வாய்ப்பே இல்லாது உழைத்து மறைந்தவர்களை எவ்வாறு அறிவது? மலேசியத் தோட்டங்களில் பால்மரம் சீவி வாழ்ந்த தமிழருள் பெரும்பாலோர் அத்தகையோர். அவர்களைப் பற்றி நாவல்களும் சிறுகதைகளும் பல உண்டு. ஆயினும், அவர்கள் நடந்த வழியையும், குடியிருந்த லயத்தையும், பேசிய பேச்சின் ஓசையையும் கண்ணுக்கும் செவிக்கும் ஒருசேரத் தரவல்லது திரைப்படமே. அத்தகைய படங்கள் சில 2000ஆம் ஆண்டிற்குப் பின் இந்நாட்டிலேயே தோன்றின. அவற்றைப் பெயரளவில் அறிந்தோர் உண்டு. பாடமாக எண்ணிப் பார்த்தோர் சிலரே.

தமிழர் வளர்த்த மலாய்ப் படம்

மலாயாவின் திரைப்படக் கலைக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. பினாங்கில் 1929ஆம் ஆண்டில் பிறந்த பி. ரம்லி, 1950ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பக்தி’ என்னும் மலாய்ப் படத்தில் முதன்முறையாகக் கதைத் தலைவனாக நடித்தார். அப்படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன். இவர் தமிழர், இளமையில் பினாங்கில் வளர்ந்தவர். அக்காலத்தில் சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட மலாய்ப் படங்கள் பலவற்றை இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்களே உருவாக்கினர்.

இவ்வளவு தொடர்பு இருந்தும், இந்நாட்டுத் தமிழர் வாழ்வைத் தமிழில் காட்டும் படங்கள் நெடுங்காலம் மிக அரிதாகவே இருந்தன. தமிழகத்துப் படங்கள் வாரந்தோறும் வந்து இறங்கியமையால் பார்ப்பதற்குக் குறைவில்லை. ஆனால், அப்படங்களில் வந்த ஊர் வேறு, வயல் வேறு, பேச்சும் வேறு. பால்மரக் காட்டில் பிறந்த பிள்ளை தன் ஊரைத் திரையில் கண்டதில்லை.

கருவி தந்த விடுதலை

இதற்குப் பணமே பெருந்தடை. முப்பத்தைந்து மில்லிமீட்டர் படச்சுருளில் ஆயிரம் அடி நீளமுள்ள ஒன்று ஏறக்குறைய 11 நிமிடமே ஓடும். ஒரு காட்சியை நான்கு முறை எடுத்தால் நான்கு மடங்கு சுருள் செலவாகும். அதைக் கழுவவும் படியெடுக்கவும் கூடம் வேண்டும். சிறிய தமிழ்ச் சந்தையை நம்பி இத்துணைச் செலவு செய்ய எவரும் எளிதில் முன்வரார்.

டிஜிட்டல் வீடியோ கருவி வந்தபின் நிலைமை மாறியது. கையளவு நாடா ஒன்றில் ஒரு மணி நேரம் பதியலாம். கழுவ வேண்டுவதில்லை, கணினியிலேயே தொகுக்கலாம். இவ்வகையில் மலேசியாவில் முதலாவது என்று கூறப்படும் கதைப்படத்தை அமீர் முகம்மது 2000ஆம் ஆண்டில் எடுத்தார். அவரை அடுத்து ஜேம்ஸ் லீ, ஹோ யூஹாங், டான் சுய் முய், லியூ செங் டாட் முதலிய இளைஞர் பலர் சிறு பொருளில் படம் எடுத்தனர். டான் சுய் முய்யின் படம் 2006ஆம் ஆண்டில் தென்கொரியாவின் பூசான் விழாவிலும், 2007ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவிலும் பரிசு பெற்றது. இந்தக் கூட்டத்தில் தமிழில் படம் எடுக்கத் துணிந்தவர் தீபக் குமரன் மேனன்.

செம்மண் சாலை

அவர் எடுத்த ‘செம்மண் சாலை’ 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1960களின் ரப்பர் தோட்டமே கதைக் களம். பால்வெட்டுக் குடும்பத்தில் பிறந்த சாந்தா என்னும் பெண் பல்கலைக்கழகம் சென்று படிக்க விரும்புகிறாள். குடும்பமோ வறுமையில் உள்ளது. கதை இவ்வளவே. சண்டையும் இல்லை, புகழ்பெற்ற நடிகரும் இல்லை.

சாந்தாவின் விருப்பம் எவ்வளவு பெரிது என்பதை அக்காலக் கல்வி நிலையை அறிந்தவரே உணர்வர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளை, புகுமுக வகுப்பில் ஓராண்டு வேற்றுமொழி பயின்ற பின்னரே இடைநிலைப் பள்ளியில் அமரலாம். அப்பள்ளியோ பெரும்பாலும் பட்டணத்தில் இருந்தது. நாட்டிலிருந்த பல்கலைக்கழகமும் கோலாலம்பூரில் உள்ளது ஒன்றே. பினாங்கில் இரண்டாவது பல்கலைக்கழகம் 1969ஆம் ஆண்டில்தான் தோன்றியது. ஒரு பெண்பிள்ளை படிக்கச் செல்வதென்றால் வீட்டில் வெட்டும் கை ஒன்று குறையும். ஆதலின் அவள் விருப்பம் அவளுடையது மட்டும் அன்று. முழுக் குடும்பமும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

தோட்டமும் அப்போது நிலையாக இல்லை. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியர் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் துண்டு துண்டாக்கினர். தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அதைத் தடுக்கும் முயற்சியாகவே துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தோட்டத்திலிருந்து வெளியே செல்லும் செம்மண் வழிக்கு இப்பின்னணியில் இருபொருள் உண்டாகிறது. கல்விக்குச் செல்லும் வழியும் அதுவே. வெளியேற்றப்படுவோர் செல்லும் வழியும் அதுவே.

இப்படம் பிரான்சின் நான்ட் நகர விழாவிலும் ராட்டர்டாம் விழாவிலும் திரையிடப்பட்டது. இதன் போக்கு மெதுவானது. விரைவை விரும்புவோர்க்குச் சலிப்புத் தரலாம். ஆயினும் உலகம் போற்றும் படங்களுள் இவ்வழியில் வந்தவை பல. இத்தாலியில் டி சிக்கா 1948ஆம் ஆண்டில் ‘சைக்கிள் திருடர்கள்’ எடுத்தபோது கதைத் தலைவனாக ஓர் ஆலைத் தொழிலாளியையே நடிக்க வைத்தார். அதனைக் கண்டு ஊக்கம் பெற்ற சத்தியஜித் ராய் 1955ஆம் ஆண்டில் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தந்தார். தமிழகத்தில் ஜெயகாந்தன் சேரி மக்களை வைத்து ‘உன்னைப்போல் ஒருவன்’ படத்தை 1965இல் வெளியிட்டார். செம்மண் சாலை இவ்வரிசையில் வைத்துப் பார்க்கத் தக்கது.

தோட்டத்திற்குப் பின்

தீபக் 2007ஆம் ஆண்டில் எடுத்த ‘சலங்கை’ தோட்டத்தை விட்டு நகரத்திற்கு வருகிறது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் பூ விற்கும் தாயும் அவள் பிள்ளைகளும் அதில் வருகின்றனர். மகளின் ஆசை பரதம் கற்பது. பெருங்கட்டடங்கள் எழும் இடத்தில் ஏழைக் குடும்பம் எவ்வாறு நிலைக்கும் என்பதே அப்படம் எழுப்பும் வினா.

அதற்கு அடுத்த பத்தாண்டில், 2015ஆம் ஆண்டு, சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடிசையில் ஒதுங்கிய குடும்பத்துச் சிறுவன் அப்போயின் கதை அது. காலம் 1990களின் தொடக்கம். கற்பனை வளம் மிக்க அச்சிறுவனைப் பள்ளியும் வீடும் அடித்துத் திருத்த முயல்கின்றன. வெளியே குண்டர் வாழ்வு காத்திருக்கிறது. ‘ஜாஹாட்’ என்னும் மலாய்ச் சொல்லுக்குத் ‘தீய’ என்பது பொருள். அதனைத் தமிழர் நாக்கு ‘ஜகாட்’ ஆக்கிற்று. படத்தின் பெயரே இந்நாட்டுத் தமிழ்ப் பேச்சிற்குச் சான்று.

இக்கதை பாயான் பாருவில் வாழ்வோர்க்குத் தொலைவில் உள்ளதன்று. ‘பாரு’ என்றால் புதியது. 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிக வட்டாரம் அமைந்தபின், அங்கு வேலைக்கு வந்தோர்க்காக எழுந்த புதிய நகரம் அது. தோட்டம் இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இத்தகைய தொழில் நகரங்களின் அடுக்குமாடி வீடுகளிலேயே வாழ்வைத் தொடங்கினர். அவர்களின் பேரப்பிள்ளைகள் மங்கையும் உளியையும் கண்டிரார்.

எது மலேசியப் படம்?

செம்மண் சாலை வந்த காலத்தில், வசனத்தின் பெரும்பகுதி தேசிய மொழியில் அமைந்த படங்களுக்கே கேளிக்கை வரித் திரும்பளிப்பு உண்டு. ஆகவே இம்மண்ணில், இந்நாட்டு மக்களால், இந்நாட்டு வாழ்வைப் பற்றி எடுக்கப்பட்டும் அது உள்நாட்டுப் படத்திற்குரிய சலுகையைப் பெறவில்லை. 2016ஆம் ஆண்டின் மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் அமையாத படங்களுக்கெனத் தனிப்பிரிவு வகுத்தபோது திரைக்கலைஞர் பலர் எதிர்த்தனர். எதிர்த்தோருள் மலாய்க்காரரும் இருந்தனர். அப்பிரிவு கைவிடப்பட்டது. அவ்விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருதை ‘ஜகாட்’ வென்றது. சஞ்சய் சிறந்த புதுமுக இயக்குநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தமிழ்ப் பேச்சும் இந்நாட்டின் குரலே என்பது அன்று ஏற்கப்பட்டது.

ஆசிரியர் செய்யத் தக்கது

படம் வரலாறு ஆகாது. அது ஒருவர் கண்ட காட்சி. எனினும் வரலாற்றைக் கேட்கத் தூண்டும். மேல் வகுப்பு மாணவர்க்கு இப்படங்களில் ஒரு பகுதியைக் காட்டியபின், வீட்டு முதியோரிடம் மூன்று வினாக்களைக் கேட்டு வரச் சொல்லலாம். பெரட்டுக் களத்தில் என்ன நடந்தது? ஆயாக்கொட்டகையில் பிள்ளையை எப்பொழுது விட்டனர்? தோட்டத்தை விட்டு வந்த நாளில் எதை எடுத்து வந்தனர்? இவ்வினாக்களுக்கு வரும் விடைகளே நல்ல கட்டுரைகளாகும். அகராதியில் காணாத சொற்களும் அவற்றோடு வந்து சேரும்.

இதில் காலம் தாழ்த்தல் ஆகாது. தென்னிந்தியாவின் முதற் கதைப்படமாகிய நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’ இன்று ஒரு படிகூட இல்லை. தமிழின் முதல் பேசும் படமாகிய 1931ஆம் ஆண்டுக் ‘காளிதாஸ்’ படத்திற்கும் அதே கதி. வீடியோ நாடா அவற்றினும் உறுதியானதன்று. காந்தப் பூச்சு உதிர்ந்தால் காட்சியும் போம். கேட்பாரும் பார்ப்பாரும் உள்ள படத்தையே ஒருவர் முயன்று படியெடுத்துக் காப்பர். பள்ளியிலும் வாசகர் வட்டத்திலும் இப்படங்களைக் கேட்டு வாங்கித் திரையிடுவோர் பெருகினால், சாந்தாவும் அப்போயும் அடுத்த தலைமுறையோடும் பேசுவர்.