உதயகிரிக் கோட்டையின் வார்ப்படச் சாலை



திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ் மக்களாகிய நாம் பண்டிகைக்கும் திருமணத்திற்கும் நாகர்கோவில் வழியாகச் சொந்த ஊர் செல்கிறோம். தக்கலையைக் கடந்தவுடன் புலியூர்க்குறிச்சியில் சாலையை ஒட்டிக் கருங்கல் மதில் ஒன்று நெடுந்தூரம் தொடர்ந்து வரும். அதுவே உதயகிரிக் கோட்டை. ஒரு காலத்தில் திருவிதாங்கூர் அரசு தனக்கு வேண்டிய பீரங்கிகளைத் தானே வார்த்துக் கொண்ட இடம் அது. அத்தொழில் அங்கே எவ்வாறு தோன்றியது, ஏன் நிலைக்கவில்லை என்பதை இன்று ஆராய்வோம்.

1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ஆம் நாள் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை முறியடித்தது. சிறைப்பட்டவர்களுள் எவுஸ்தாக்கியுஸ் டிலனாய் என்பவரும் ஒருவர். மன்னர் அவரைத் தண்டிக்கவில்லை. அவர் அறிந்த போர்க்கலையைத் தம் நாட்டிற்குப் பயன்படுத்திக் கொண்டார். டிலனாய் வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்தார். உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்தார். அதனுள்ளே பீரங்கிகளும் குண்டுகளும் வார்க்கும் சாலை ஒன்றை அமைத்தார். நாளடைவில் படைத்தலைவராகி, மக்களால் ‘வலிய கப்பித்தான்’ என்று அழைக்கப்பெற்றார்.

பீரங்கி வார்ப்பது எளிய செயலன்று. களிமண்ணால் அச்சுச் செய்து, அதை ஈரமில்லாமல் உலர்த்தி, செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலத்தையோ இரும்பையோ உருக்கி ஊற்றுவது அந்நாளைய முறை. அச்சில் சிறிது ஈரம் தங்கினாலும் உலோகத்தினுள் காற்றுக் குமிழிகள் உண்டாகும். அத்தகைய பீரங்கி போர்க்களத்தில் வெடித்துத் தன்னை இயக்குவோரையே மாய்த்துவிடும். குழலின் உட்புறமும் குண்டின் பருமனும் பொருந்தாவிட்டால், வெடிமருந்தின் வேகம் இடைவெளி வழியே வீணாகும். ஆகவே இத்தொழிலுக்கு உலோகத்தைக் காட்டிலும் கைப்பழக்கமும் துல்லியமான அளவும் இன்றியமையாதவை. கோவில் மணியும் விளக்கும் வார்த்துப் பழகிய நாடாதலால் உலோகத்தை உருக்கும் கலை இங்கே புதிதன்று. ஒரே அளவில் பல குழல்களையும் அவற்றிற்கேற்ற குண்டுகளையும் செய்வதே புதிதாகக் கற்கவேண்டியதாய் இருந்தது.

டிலனாய் 1777-இல் மறைந்தார். 1809-இல் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தபோது, கம்பெனிப் படை உதயகிரியைக் கைப்பற்றியது. கிளர்ச்சி அடங்கியபின் திருவிதாங்கூரின் படை பெரும்பாலும் கலைக்கப்பட்டது. தனக்கென்று படை இல்லாத அரசுக்குப் பீரங்கி வார்க்கும் சாலை எதற்கு? அரசரின் தேவை ஒன்றையே நம்பி வளர்ந்த தொழில், அத்தேவை நீங்கியதும் ஆதரவற்றுப் போயிற்று.

இதனோடு அமெரிக்க நாட்டின் ஒரு வரலாற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். 1816-இல் எலிபலெட் ரெமிங்டன் என்ற இளைஞர் தம் தந்தையின் கொல்லுப்பட்டறையில் துப்பாக்கிக் குழல் ஒன்றைச் செய்தார். அப்பட்டறையே பின்னர் நியூயார்க் மாநிலத்தின் இலியன் என்னும் ஊரில் பெரிய தொழிற்சாலையாக வளர்ந்தது. அக்காலத்து அமெரிக்கத் துப்பாக்கிச் சாலைகள் அளவுக்கருவிகளாலும் யந்திரங்களாலும் உறுப்புகளை ஒன்றுபோல் செய்யப் பழகின. ஒன்றின் உறுப்பைக் கழற்றி மற்றொன்றில் பொருத்தலாம் என்ற நிலை உண்டாயிற்று. உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்ததும் துப்பாக்கிக்கு அரசாங்கத்தின் தேவை குறைந்தது. ரெமிங்டன் நிறுவனம் தையல் யந்திரம் செய்யலாயிற்று. 1873-இல் தட்டச்சுப்பொறி செய்யவும் ஒப்பந்தம் செய்துகொண்டது. தட்டச்சுத் தொழில் 1886-இல் வேறொருவர் கைக்குச் சென்றபோதிலும், பெயர் நிலைத்தது. எழுத்தர்களாகவும் தட்டச்சாளர்களாகவும் வெளியூர்களுக்குச் சென்ற நம்மவர் எத்தனை பேர் ரெமிங்டன் பொறியின்முன் அமர்ந்து பிழைத்தனர்! அப்பொறி துப்பாக்கிப் பட்டறையின் வழித்தோன்றல் என்பதை அவர்களுள் சிலரே அறிந்திருப்பர். துப்பாக்கித் தொழிலோ பல கைகள் மாறி, 2018-இலும் 2020-இலும் கடன் தீர்க்க இயலாது நீதிமன்றத்தை நாடியது. இலியன் தொழிற்சாலை 2024-இல் மூடப்பட்டது. எனினும் அங்கே பிறந்த தொழிலறிவு முன்னரே பிற தொழில்களில் வேரூன்றிவிட்டது. உதயகிரிக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

நமது நாட்டிலும் இத்தொழில் மீண்டும் வளர்ந்தது. வங்காளத்தின் இச்சாப்பூரில் 1904-இல் ஆங்கில ஆட்சி துப்பாக்கித் தொழிற்சாலையை நிறுவியது. விடுதலைக்குப்பின் 1966-இல் திருச்சிராப்பள்ளியில் சிறுபடைக்கலத் தொழிற்சாலை தோன்றியது. 2021 அக்டோபர் முதல் நாளன்று அரசாங்கத் தளவாடச் சாலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது, இவ்விரண்டும் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின்கீழ் வந்தன.

படைக்கலம் உயிரைக் கொல்லும் பொருள். அதை நாம் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் அதைச் செய்வதற்காகக் கற்ற அளவும் நுட்பமும் மக்களின் செல்வம். அச்செல்வம் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தால் கோட்டையோடு அழியும். பள்ளியிலும் பட்டறையிலும் பரவினால் தலைமுறைகளுக்கு உதவும். இப்பொழுதும் ஒரு தொழிற்சாலையைத் தொடங்குவோர் இதை எண்ணிப் பார்த்தல் நலம்.

உதயகிரி இந்நாளில் தமிழ்நாட்டு வனத்துறையின் பராமரிப்பில் பல்லுயிர்ப் பூங்காவாக விளங்குகிறது. டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. அதன் கல்லில் லத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. அவரிடம் பயின்று உலை முன் நின்ற தொழிலாளர்களுக்குக் கல்வெட்டு இல்லை. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது சற்று நேரம் அங்கே இறங்கி, நம் குழந்தைகளுக்கு அவ்விடத்தைக் காட்டுவோம்; பெயர் தெரியாத அத்தொழிலாளர்களைப் பற்றியும் சொல்வோம்.